ஜவ்வாது மலையில் குளிர்கால வீட்டு வெம்மை: குறைந்த செலவு என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பனிக்காலத்தில் தம் வீட்டைப் பணச்செலவின்றி வெம்மையாக வைத்திருந்த முறையையும், அம்முறை மாறிய வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. மரபு வீட்டின் வெம்மை புல், மூங்கில், விறகு ஆகிய காட்டுப்பொருள்களின் மீதான உரிமையாலும், ஒரே அடுப்புத்தீயைப் பல பயன்களுக்கு ஆக்கிய வீட்டமைப்பாலும் கிடைத்தது என்பது இதன் கருதுகோள். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் முதற்காரணத்தையும், அண்மைக்கால வீட்டுவசதித் திட்டங்களும் எரிவாயு அடுப்பும் இரண்டாம் காரணத்தையும் மாற்றியமைத்தன. இதன் விளைவாக, உழைப்பால் பெறப்பட்ட வெம்மை விலை கொடுத்துப் பெறவேண்டிய ஒன்றாயிற்று.

திறவுச்சொற்கள்: ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடி, கணப்பு, புல்வேய்ந்த வீடு, சென்னை வனச்சட்டம், வீட்டுவசதித் திட்டங்கள்.

1. முன்னுரை

தமிழகத்தின் வீட்டு வரலாறு பெரும்பாலும் வெயிலை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளது. முற்றம், திண்ணை, தாழ்வாரம், உயர்ந்த கூரை ஆகியன வெப்பத்தைத் தணிக்கும் அமைப்புகளாக விளக்கப்படுகின்றன. சமவெளிக்கு இவ்விளக்கம் பொருந்தும். ஆனால் தமிழகத்தின் மலைப்பகுதிகளில் மார்கழியும் தையும் வேறு வகையான வீட்டை வேண்டுகின்றன. உதகமண்டலமும் கொடைக்கானலும் ஆங்கிலேயர் வாழ்விடங்களாக விளங்கியமையால் அங்குள்ள கணப்படுப்பும் புகைபோக்கியும் கவனம் பெற்றன. பழங்குடி மக்கள் தாமே கட்டி வாழ்ந்த மலைவீடுகளின் குளிர்தாங்கும் முறைகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இக்கட்டுரை ஜவ்வாது மலையை ஆய்வுக்களமாகக் கொள்கின்றது. இம்மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. 1989ஆம் ஆண்டு வரை இப்பகுதி ஒன்றுபட்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஜமுனாமரத்தூர் இதன் முதன்மையான ஊர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என ‘நாடு’ என்று முடியும் பெயர்கள் மலையின் பழைய ஊராட்சி அமைப்பை இன்றும் காட்டுகின்றன. இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையோர் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்ட மலையாளி மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரப் பகுதியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்னும் வாய்மொழி மரபு இவர்களிடம் உண்டு. வட ஆர்க்காடு மாவட்டக் கையேடும், 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் குறித்த தொகுதியும் இம்மரபைப் பதிவு செய்துள்ளன. இதன் காலக்கணக்கை ஏற்பதும் மறுப்பதும் வேறு ஆய்வுக்குரியது. சமவெளியிலிருந்து வந்ததாகத் தம்மைக் கருதும் ஒரு மக்கள் குளிருக்கேற்ற வீட்டைக் கொண்டிருந்தனர் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

2. நிலமும் குளிரும்

ஜவ்வாது மலையின் குளிரை இமயத்தின் குளிரோடு ஒப்பிட இயலாது. இங்கு நீர் உறைவதில்லை, பனிப்பாளம் விழுவதில்லை. ஆயினும் வீட்டினுள் உறங்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் இது பொருட்படுத்தத்தக்க குளிரேயாகும். உயரம் கூடும்போது ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியசு பாகை குறைகின்றது. திருவண்ணாமலை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைமேல் உள்ள காவலூர் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த உயர வேறுபாடு மட்டுமே 3.5 பாகை அளவிலான குளிர்ச்சியைத் தரும். காவலூரைவிட உயரமான ஊர்களில் இது இன்னும் கூடும்.

உயரத்தோடு வானத்தின் தெளிவும் ஒரு காரணம். காவலூரில் 1960களின் பிற்பகுதியில் வானாய்வகம் அமைக்கப்பட்டது. வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இவ்விடத்தில் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. ஆய்வகத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மேகமின்றி விளங்கும் இரவுகள் விண்மீன்களை நோக்குவோர்க்கு ஏற்றவை. அதே இரவுகளில்தான் நிலமும் கூரையும் தம் வெப்பத்தை வானுக்கு விரைந்து இழக்கின்றன. குளிர்ந்த காற்று சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்குகின்றது. ஆகவே பின்னிரவில் கூரையின் தன்மையும், வீடு மேட்டில் உள்ளதா பள்ளத்தில் உள்ளதா என்பதும் வீட்டின் வெம்மையை முடிவு செய்கின்றன.

3. இலக்கியமும் சொல்வழக்கும் தரும் சான்றுகள்

மலையையும் குளிரையும் இணைத்துக் காண்பது தமிழ் மரபில் பழமையானது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுக்கின்றது. ஐப்பசி தொடங்கித் தை முடிய உள்ள நான்கு மாதங்களின் நள்ளிரவே மலைநிலத்துக்குரிய காலம் என்பது இதன் பொருள்.

குளிர்காலத்து வீட்டைச் சங்க இலக்கியத்தில் மிக விரிவாகக் காட்டுவது நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகள் கொண்ட இப்பாட்டில் குளிரை எதிர்கொள்ளும் இருவேறு வாழ்நிலைகள் அமைந்துள்ளன. வெள்ளத்தால் இடம்பெயர்ந்த கோவலர் வெட்டவெளியில் கொள்ளி நெருப்பில் கைகளைக் காய்ச்சி நடுங்குகின்றனர். நகரத்து மாளிகையிலோ சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. விசிறி பயனற்றுத் தொங்குகின்றது. சந்தனக்கல் ஓய்ந்து கிடக்கின்றது. வாயகன்ற தடவில் இட்ட நெருப்பில் மாந்தர் குளிர்காய்கின்றனர். இருவரும் நெருப்பையே நாடுகின்றனர். சுவரும் கதவும் கூரையும் ஒருவருக்கே வாய்க்கின்றன. வெம்மை வாழ்நிலைக்கேற்பப் பகிரப்படுவதை இப்பாட்டு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

ஜவ்வாது மலையின் தென்புற அடிவாரத்தை அடுத்த செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது மலைபடுகடாம். மலைவழியில் செல்லும் கூத்தரிடம், இரவில் பாறைக்குகையில் தம் இல்லத்தில் நுழைந்தாற்போலத் தங்குமாறு இந்நூல் அறிவுறுத்துகின்றது. காற்றைத் தடுத்து, பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் மெல்ல விடும் பாறைக்குடைவு மலைவாழ்வோர் அறிந்த முதல் தங்கிடமாக இருந்தமையை இதனால் அறிய முடிகின்றது.

சொல்வழக்கும் ஒரு சான்றாகின்றது. கணப்பு, தடவு, இந்தளம், கும்பட்டி எனக் குளிர்காயும் நெருப்புக்கும் அதனை இடும் கலத்துக்கும் தமிழில் பல சொற்கள் உள்ளன. ‘குளிர்காய்தல்’ என்னும் வினை, நெருப்பை நாடி உடல் செல்வதைக் குறிப்பது. 691ஆம் குறள் அரசரைச் சார்ந்தொழுகுவோர்க்கு நெருப்பில் குளிர்காய்வோரை உவமையாக்கும்போது, நெருங்காமலும் விலகாமலும் இருக்கும் அளவையே கருதுகின்றது. வீடு முழுவதையும் சூடாக்குவது தமிழர் நோக்கமாக இருந்ததில்லை. காசுமீரத்தில் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி என்னும் நெருப்புக்கலமும் இந்த நோக்கிலேயே அமைந்தது. எரிபொருள் குறைவாகக் கிடைக்கும் இடங்களில் உடலைச் சூழ்ந்த சிறிய வெளியை மட்டும் சூடாக்குவதே சிக்கனமான வழி.

4. மரபு வீட்டின் அமைப்பு

ஜவ்வாது மலையின் மரபு வீடு மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு அமைவது. மரக்கால்களுக்கு இடையே மூங்கில் தட்டியைக் கட்டி, அதன் இருபுறமும் செம்மண் குழைத்துப் பூசுவர். தரையும் சுவரும் சாணத்தால் மெழுகப்படும். கூரை தடித்த புல்வேய்வு. அதன் இறப்பு, குனிந்து நுழையுமளவு தாழ்ந்திருக்கும். வாயில் சிறியது, சாளரம் இல்லை அல்லது மிகச் சிறியது. உள்ளே அடுப்புக்கு மேலே பரண் அமைந்திருக்கும்.

இவ்வமைப்பை வறுமையின் அடையாளமாகக் கருதுவது வழக்கம். வெப்பவியல் நோக்கில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பணி உண்டு. தாழ்ந்த இறப்பு சுவரை மழையிலிருந்தும் வாடைக்காற்றிலிருந்தும் காக்கின்றது. ஈரமான மண்சுவர் விரைவில் குளிரும். உலர்ந்த சுவர் பகல்வெப்பத்தைத் தேக்கி இரவில் மெல்ல விடும். சாண மெழுக்கு தட்டியின் இடுக்குகளை அடைத்துக் காற்று புகாமல் செய்கின்றது. சிறிய வாயில் வெம்மையான காற்று வெளியேறுவதைக் குறைக்கின்றது. நீலகிரித் தோடர்களின் அரைவட்டக்கூரை வீடும் தவழ்ந்து நுழையும் வாயிலைக் கொண்டிருந்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவற்றுள் கூரையின் பங்கே முதன்மையானது. புல்லின் தாள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. கட்டுமானப் பொறியியல் அட்டவணைகளின்படி புல்வேய்வின் வெப்பக்கடத்துதிறன், மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.07 வாட், கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 1.5 வாட். இது இருபது மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. புல்வேய்வு கான்கிரீட் தளத்தைவிடத் தடிப்பானது என்பதையும் சேர்த்தால் வேறுபாடு மேலும் பெருகும்.

வீட்டுக்கு வெளியிலிருந்து பெறப்பட்ட குளிர்காப்புப் பொருள்களுள் கம்பளி முதன்மையானது. செம்மறியாட்டு மயிரில் கம்பளி நெய்தல் குறும்பர் சமூகத்தின் தொழிலாக விளங்கியது. உறங்கும்போது போர்வையாகவும், மழையில் தலைமூடியாகவும், விருந்தினர்க்கு விரிப்பாகவும் ஒரே கம்பளி பயன்பட்டது. புல்லையும் மூங்கிலையும் போலன்றி, இது விலையோ பண்டமாற்றோ கொடுத்துப் பெறப்பட்டது.

5. ஒரே தீ, பல பயன்

மரபு வீட்டின் நடுவண் பொருள் அடுப்பு. அதில் எரியும் விறகு செய்த பணிகளைப் பிரித்து நோக்குவது இவ்வாய்வுக்கு இன்றியமையாதது.

முதலாவது பணி சமைத்தல். சாமைச்சோறும் கேழ்வரகுக் களியும் நெடுநேரம் சீரான தீயை வேண்டுவன. இரண்டாவது, மாலை முதல் இரவு வரை வீட்டினர் சூழ்ந்தமரும் கணப்பாக அது விளங்கியது. தீ அவிந்தபின்னும் சாம்பல் மூடிய தணலும், சூடேறிய மண் அடுப்பும், அதனை ஒட்டிய சுவரும் பின்னிரவு வரை வெம்மை தந்தன. மூன்றாவது, விளக்கு எண்ணெயின் செலவைக் குறைத்தது. நான்காவது, பரணில் வைத்த சாமைக்கதிரையும் விதைத்தானியத்தையும் விறகையும் உலர்த்தியது. ஐந்தாவது, புகை கூரைப்புல்லின் ஈரத்தைப் போக்கிப் பூச்சிகளை விரட்டி அதன் ஆயுளை நீட்டித்தது. நிறைந்த பரண், மேலெழும் வெம்மையைத் தடுக்கும் இரண்டாம் கூரையாகவும் பயன்பட்டது.

சமையலுக்கென எரித்த விறகிலிருந்து மற்ற நான்கு பயன்களும் தனிச்செலவின்றிக் கிடைத்தன. ‘குறைந்த செலவு’ என்று நாம் வழங்கும் கருத்து இங்கு மலிவான பொருளை வாங்குவதைக் குறிக்கவில்லை. பயன்களைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைத்திருப்பதையே குறிக்கின்றது.

இம்முறையைக் குறையற்றதாகக் காட்டுவது ஆய்வு நேர்மையாகாது. சாளரமில்லா வீட்டில் தேங்கும் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். அதனை மிகுதியாக நுகர்ந்தோர் அடுப்படியில் இருந்த பெண்களும் அவர்தம் மடியிலிருந்த குழந்தைகளும் ஆவர். புற்கூரை தீப்பற்றக் கூடியது. சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாக வேயப்பட வேண்டியது. விறகு சுமப்பதும் பெரும்பாலும் பெண்களின் பணியே. பணக்கணக்கில் வராத செலவு பெண்களின் உடற்கணக்கில் ஏறியது என்பதை மறத்தல் கூடாது.

6. காடு காப்புக்காடான காலம்

மேற்கூறிய முறை முழுவதும் ஓர் அடிப்படையின் மீது நின்றது. புல்லையும் மூங்கிலையும் விறகையும் காட்டிலிருந்து தடையின்றிக் கொணர முடிந்தமையே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வடிப்படை மாறியது.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட சென்னை இருப்புப்பாதை, பின்னர்ப் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஜோலார்பேட்டையை நோக்கி நீண்டது. அதன் நீராவி எஞ்சின்கள் தொடக்கக் காலத்தில் பெருமளவு விறகையே எரித்தன. மலைவீட்டின் அடுப்புக்குரிய பொருள் இதனால் பெருந்தொழிலின் எரிபொருளுமாயிற்று. காடுகளின் அழிவும் விறகின் எதிர்காலத் தேவையும் அரசின் கவலையாயின. 1881 முதல் சென்னை மாகாணத்தில் தங்கி ஆராய்ந்த டீட்ரிச் பிராண்டிசின் பரிந்துரைகளை ஒட்டி 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடங்களில் இசைவின்றி மரம் வெட்டுதல், தீ மூட்டுதல், மேய்த்தல், விளைபொருள்களை எடுத்தல் ஆகியன குற்றங்களாயின.

ஜவ்வாது மலை சந்தனமரத்தால் புகழ்பெற்றமையால் இங்குக் காவல் கூடுதல் பொருள் பெற்றது. திருப்பத்தூரில் அமைந்த அரசுச் சந்தனமரக்கிடங்கு இம்மலைக்காடுகளின் வணிக மதிப்பைக் காட்டும். வெம்மையான நாடுகளில் உடலைக் குளிர்விக்கப் பயன்படும் மரத்தைக் காக்கும் பொருட்டு அமைந்த காவல், குளிரில் வாழ்வோரின் விறகுக்கும் புல்லுக்கும் எல்லை வகுத்தது.

இச்சட்டத்தால் விறகு எடுத்தல் நின்றுவிடவில்லை. அதன் தன்மை மாறியது. வழக்கமாக இருந்தது சலுகையாயிற்று. சலுகைக்கு அலுவலரின் இசைவு வேண்டியதாயிற்று. இசைவில்லாதபோது அச்சம் உடன்வந்தது. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் சுள்ளிகளையும் அடிக்கட்டைகளையும் சிறுவன விளைபொருள்களாக வரையறுத்து, அவற்றின் மீதான உரிமையை வனவாழ் மக்களுக்கு ஏற்றது. தமிழகத்தில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் உரிமைப்பட்டங்கள் வழங்குவது பல ஆண்டுகள் தாமதமாயிற்று. இச்சட்டத்தை நில உரிமைக்குரியதாக மட்டும் பேசுவது வழக்கம். கூரைக்கும் அடுப்புக்கும் உரிய சட்டமாகவும் அதனைப் படிக்க வேண்டும்.

7. கான்கிரீட் வீடும் பிரிந்த பயன்களும்

1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இன் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், 2016 முதல் நடைபெறும் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் ஆகியன குடிசைகளுக்கு மாற்றாக நிலைத்த வீடுகளை வழங்க முனைந்தவை. பசுமை வீட்டின் பரப்பு 300 சதுர அடி. கனவு இல்லத்தின் பரப்பு 360 சதுர அடி. தீ, பாம்பு, ஒழுக்கு ஆகியவற்றிலிருந்து விடுதலையையும், சொந்த வீடு என்னும் மதிப்பையும் இவ்வீடுகள் தந்தன. மலைமக்கள் இவற்றை விரும்பிப் பெற்றனர் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கடற்கரைக்கும் சமவெளிக்கும் மலைக்கும் ஒரே கூரையே வகுக்கப்பட்டது. தட்டையான கான்கிரீட் தளம் தெளிந்த வானத்தின்கீழ் விரைந்து குளிர்கின்றது. அதன் அடிப்பரப்பு உறங்குவோரின் உடல்வெப்பத்தை ஈர்க்கின்றது. வீட்டினுள் வெளியேறிய மூச்சின் ஈரம் குளிர்ந்த தளத்தில் படிகின்றது. சிமெண்டுத் தரையும் சாணம் மெழுகிய மண்தரையைவிடக் காலுக்குக் குளிர்ச்சியானது.

இதே காலத்தில் அடுப்பும் மாறியது. தமிழக அரசின் விலையில்லா எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டமும் புகையைக் குறைத்தன. இது பெண்களின் உடல்நலத்திற்குப் பெரும் நன்மை. ஆனால் எரிவாயு அடுப்பு சமைத்தவுடன் அணைக்கப்படுவது. அது கணப்பாவதில்லை, தானியத்தை உலர்த்துவதில்லை. முன்னர் ஒரே தீயில் இணைந்திருந்த ஐந்து பயன்களும் இப்போது எரிவாயு உருளை, மின்விளக்கு, கம்பளிப்போர்வை, சேமிப்புக்கலம், கூரைப் பராமரிப்பு எனத் தனித்தனியே விலைக்குப் பெறவேண்டியனவாயின. அரசு வீட்டிற்குப் பின்புறத்தில் சிறிய அடுப்புக்குடிசை ஒன்றை அமைத்து மாலையில் அங்கே குளிர்காயும் வழக்கத்தைப் பழமையை விடாத மனநிலை என்று விளக்குவது போதாது. பிரிந்துபோன பயன்களை மீண்டும் ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சியாக அதனைக் காண்பதே பொருத்தம்.

இம்மாற்றத்தில் உயிரிடர் ஒன்றும் அடங்கியுள்ளது. புற்கூரை வீட்டில் புகையும் நச்சுவளியும் கூரையின் இடுக்குகள் வழியே ஓரளவு வெளியேறின. கதவும் சன்னலும் இறுக மூடிய கான்கிரீட் அறையில் கரித்தணலை வைத்து உறங்கினால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வளி தேங்கி உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். பழைய பழக்கம் புதிய அறைக்குள் செல்லும்போது விளையும் இவ்விடர் வீட்டுவசதித் திட்டங்களோடு சேர்த்து மக்களுக்கு எடுத்துரைக்கப்பட வேண்டும்.

8. மரபிலிருந்து பெறத்தக்கவை

வரலாற்றாய்வு பழைய வீட்டுக்கே திரும்புமாறு கூறுவதாகாது. ஆயினும் மரபின் கொள்கைகள் சில இன்றைய வீட்டிலும் சிறுசெலவில் பொருந்தக் கூடியன. கான்கிரீட் தளத்தின்கீழ் இடைவெளி விட்டு மூங்கிற்பாயைக் கட்டினால் சிறைப்பட்ட காற்று பரணின் பணியைச் செய்யும். வாடைக்காற்று வீசும் பக்கத்துச் சன்னலுக்குத் தடித்த துணித்திரை இடலாம். தரையிலிருந்து உயர்ந்த மூங்கிற்கட்டிலில் உறங்கலாம். தென்கிழக்கு நோக்கிய திண்ணை மார்கழிக் காலை வெயிலைப் பெறும். விறகடுப்பைப் பயன்படுத்துவோர்க்குப் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பும் தனி அடுப்பறையும் வெம்மையையும் உடல்நலத்தையும் ஒருங்கே காக்கும். இவற்றுக்கு வேண்டிய மூங்கிலை மக்கள் காட்டிலிருந்து முறைப்படி பெற இயலுமா என்பதே இங்கும் முதல் வினா.

9. முடிவுரை

ஜவ்வாது மலையின் பனிக்கால வீடு, குளிரை எளிய பொருள்களால் எதிர்கொண்ட ஓர் ஒழுங்கமைந்த முறை என்பது இவ்வாய்வால் புலனாகின்றது. அதன் பணச்செலவு குறைவாக இருந்தமைக்குக் காட்டுப்பொருள் உரிமையும், ஒரே தீயைப் பல பயன்களுக்கு ஆக்கிய வீட்டமைப்பும் காரணங்கள். வனச்சட்டம் முன்னதைச் சுருக்கியது. நலத்திட்டங்கள் நன்மைகள் பல தந்தபோதும் பின்னதைப் பிரித்தன. மலைப்பகுதிக்கான வீட்டுத் திட்டம் வகுப்போர் சதுர அடியையும் அலகுத்தொகையையும் கணக்கிடுவதோடு, தை மாதப் பின்னிரவில் அவ்வீட்டினுள் நிலவும் வெப்பநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மலையூர்களில் மரபு வீடும் திட்ட வீடும் அருகருகே நிற்கும் இக்காலத்திலேயே இருவகை வீடுகளின் இரவு வெப்பநிலையையும் ஒருசேர அளந்து பதிவு செய்வது அடுத்தகட்ட ஆய்வாக அமையும். புற்கூரைகள் குறைந்துவரும் வேகத்தை நோக்க, அதற்குரிய காலம் நீண்டதன்று.